பண அளிப்பும் ரூபாயின் விலையும்: எந்த எண்ணை எதற்காகப் பார்ப்பது?

தாராவி_தோல்பை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். தோல் ஆம்பூரிலிருந்தும் ராணிப்பேட்டையிலிருந்தும் ரூபாய் விலையிலேயே வந்துவிடுகிறது. ஜிப், பித்தளைக் கொக்கி, காந்தப் பொத்தான் ஆகியவற்றை மட்டும் சீனாவிலிருந்து டாலர் கொடுத்து வாங்குகிறேன். துபாய் வாடிக்கையாளர் ஒருவர் பைகளுக்கு டாலரில் பணம் தருகிறார். முன்பணம் அனுப்பும் நாளுக்கும் பாக்கியைத் தீர்க்கும் நாளுக்கும் இடையில் டாலர் ஒன்றரை ரூபாய் ஏறிவிட்டால், அந்தச் சரக்கில் எனக்கு மிஞ்ச வேண்டியதில் பெரும்பகுதி போய்விடுகிறது.

அதனால் ரிசர்வ் வங்கி வெள்ளிக்கிழமை மாலைகளில் வெளியிடும் வாராந்தரப் புள்ளிவிவர இணைப்பைப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. 2025 ஜூனில் ரொக்க இருப்பு விகிதத்தை, அதாவது வங்கிகள் தங்கள் டெபாசிட்டில் ரிசர்வ் வங்கியிடம் கட்டாயமாக வைக்க வேண்டிய பங்கை, 4 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைத்து, அதன் மூலம் 2.5 லட்சம் கோடி ரூபாயை வங்கிகளுக்கு விடுவிப்பதாக அறிவித்தார்கள். அப்படியானால் பணம் பெருகியிருக்க வேண்டும் அல்லவா? எம்0 என்ற அட்டவணையைப் பார்த்தால் அந்தக் குறைப்பு நடைமுறைக்கு வந்த பிறகு வளர்ச்சி மெலிந்து காணப்படுகிறது. மக்கள் கையிலுள்ள ரொக்கமும் வங்கி டெபாசிட்டுகளும் சேர்ந்த எம்3 வேறு வேகத்தில் போகிறது. புழக்கத்தில் உள்ள ரொக்கம் மூன்றாவது வேகத்தில் போகிறது. இவற்றில் எதை நம்புவது, ரூபாய் எந்தப் பக்கம் போகும் என்பதை இவற்றில் ஏதேனும் ஒன்று சொல்லுமா என்பதைத் தெரிந்தவர்கள் விளக்க வேண்டும்.

மாட்டுங்கா_கிழக்கு எழுதியது:

வங்கி ஒன்றின் கருவூலப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் முதலில் எம்0 பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் உங்கள் குழப்பத்துக்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

எம்0 என்பது புழக்கத்தில் உள்ள ரொக்கம், வங்கிகள் ரிசர்வ் வங்கியில் வைத்திருக்கும் இருப்பு, அங்குள்ள சிறு அளவிலான பிற வைப்புகள் ஆகியவற்றின் கூட்டுத்தொகை. ரொக்க இருப்பு விகிதத்தைக் குறைத்தால், வங்கிகள் கட்டாயமாக அங்கே வைத்திருக்க வேண்டிய தொகை குறைகிறது. அவ்வாறு விடுபட்ட பணத்தைக் கொண்டு வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் வாங்கிய ரெப்போ என்ற குறுகிய காலக் கடனை அடைக்கின்றன, அல்லது 2022 ஏப்ரலில் கொண்டுவரப்பட்ட நிலையான வைப்பு வசதியில் போட்டு வட்டி பெறுகின்றன. இவ்விரண்டும் எம்0-வில் சேராதவை. ஆகவே ரிசர்வ் வங்கி கையைத் தளர்த்தியிருக்கும் நேரத்தில் எம்0 மட்டும் கையை இறுக்கியதுபோலத் தோற்றம் தரும். இதனால்தான் ரொக்க இருப்பு விகித மாற்றத்தின் முதல் சுற்று விளைவை நீக்கிக் கணக்கிட்ட எம்0 வளர்ச்சியையும் ரிசர்வ் வங்கி தன் அறிக்கைகளில் தனியாகத் தருகிறது. நீங்கள் பார்க்க வேண்டியது அந்த எண்.

2022 மே மாதத்தில் விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 4.5 சதவீதமாக உயர்த்தியபோது இதற்கு நேர்மாறாக நடந்தது. பணத்தை இறுக்கினார்கள், எம்0 உப்பியது. அந்த வளைகோட்டை மட்டும் பார்த்து, ரிசர்வ் வங்கி நோட்டடித்துத் தள்ளுகிறது என்று கூட்டங்களில் பேசியவர்களை நான் கேட்டிருக்கிறேன்.

சயான்_விரிவுரையாளர் எழுதியது:

ஐயா சொன்னதற்குச் சற்றுப் பின்னணி சேர்க்கிறேன். ஒரு காலத்தில் எம்3 வெறும் குறிகாட்டியாக இல்லை, இலக்காகவே இருந்தது. சுகமய் சக்கரவர்த்தி தலைமையிலான குழு 1985இல் அளித்த பரிந்துரையின்படி, எதிர்பார்க்கும் உற்பத்தி வளர்ச்சியையும் தாங்கக்கூடிய பணவீக்கத்தையும் கணக்கில் கொண்டு எம்3 எவ்வளவு வளரலாம் என்று ஆண்டுதோறும் வரம்பு வைத்தார்கள். 1990களில் வெளிநாட்டு முதலீடு உள்ளே வரத் தொடங்கி, வட்டி விகிதங்களும் படிப்படியாக விடுவிக்கப்பட்ட பிறகு, பண அளவுக்கும் விலைவாசிக்கும் இடையில் இருந்த உறவு தளர்ந்தது. 1998 ஏப்ரலில் அந்த முறையைக் கைவிட்டுப் பல குறிகாட்டிகளையும் சேர்த்துப் பார்க்கும் முறைக்கு மாறினார்கள். பின்னர் 2016இல் ரிசர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்திப் பணவீக்கத்தையே நேரடி இலக்காக்கினார்கள். 4 சதவீதம், மேலும் கீழும் 2 சதவீதம் என்ற வரம்பு அப்படி வந்ததுதான்.

பிரிட்டனிலும் இதே அனுபவம் உண்டு. ஒரு புள்ளிவிவர உறவைக் கட்டுப்பாட்டுக் கருவியாக்கி அழுத்தம் கொடுத்தால் அந்த உறவே குலைந்துவிடும் என்று சார்லஸ் குட்ஹார்ட் 1975இல் கூறினார். தாட்சர் அரசு ஸ்டெர்லிங் எம்3-ஐ இலக்காக வைத்தபோது, அந்த எண் வைத்த இலக்கைத் தாண்டி ஓடியது, பணவீக்கமோ இறங்கியது.

இதனால் எம்3 பயனற்றது என்று நான் சொல்ல வரவில்லை. அதன் மொத்தத்தைப் பார்ப்பதைவிட அதன் மூலங்களைப் பாருங்கள் என்பதே என் கருத்து. அந்த அட்டவணையில் கூறுகள் ஒரு பக்கமும் மூலங்கள் மறுபக்கமும் தரப்பட்டிருக்கும். அரசுக்கு வங்கித் துறை அளித்த நிகரக் கடன், வணிகத் துறைக்கு அளித்த கடன், வங்கித் துறையின் நிகர அந்நியச் செலாவணிச் சொத்து ஆகிய மூன்றும் மூலங்களில் முக்கியமானவை. அணையின் நீர்மட்டம் ஒரே அளவில் நிற்கும்போதும் எந்த மதகில் நீர் வருகிறது, எதில் போகிறது என்பது மாறிக்கொண்டே இருக்கும். எம்3 பத்து சதவீதம் வளர்ந்தது என்ற ஒரே செய்திக்கு, வணிகக் கடனால் வளர்ந்திருந்தால் ஒரு பொருள். அரசுப் பற்றாக்குறையால் வளர்ந்திருந்தால் வேறொரு பொருள். ரிசர்வ் வங்கி டாலர் வாங்கியதால் வளர்ந்திருந்தால் மற்றொரு பொருள்.

டோம்பிவிலி_விரைவு எழுதியது:

மன்னிக்கவும், இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று தோன்றுகிறது. அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே ரொக்கமும் பெரும்பாலான வங்கி வைப்புகளும் சேர்ந்த எம்2, 2020இல் தாறுமாறாக ஏறியது. 2021 தொடக்கத்தில் அதன் ஆண்டு வளர்ச்சி 25 சதவீதத்தையும் தாண்டியது. 2022இல் பணவீக்கம் 9 சதவீதத்தைத் தொட்டது. பிறகு எம்2 சுருங்கியது, பணவீக்கமும் இறங்கியது. கோட்பாடு எளிமையாகத்தானே இருக்கிறது?

நம் ஊரில் இப்போதைய சிக்கல் வேறு. மக்கள் டெபாசிட்டை எடுத்து மியூச்சுவல் ஃபண்டில் போடுகிறார்கள். அதனால்தான் வங்கிகளில் டெபாசிட் வளரவில்லை, எம்3-யும் வளரவில்லை. ரயிலில் என்னோடு வருபவர்களில் எஸ்.ஐ.பி. என்ற மாதத் தவணை ஃபண்டு முதலீடு இல்லாதவர் ஒருவரும் இல்லை.

சயான்_விரிவுரையாளர் எழுதியது:

அந்த ஒரு நிகழ்வில் எம்2 நன்றாகவே முன்னறிவித்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2008 இறுதியில் அமெரிக்க மத்திய வங்கி பத்திரங்களை வாங்கிக் குவித்து, நம் எம்0 போன்ற அடிப்படைப் பணத்தைச் சில மாதங்களுக்குள் இரட்டிப்பாக்கியபோது, வரப்போவதாகப் பலர் எச்சரித்த பணவீக்கம் வரவே இல்லை. அந்தப் பணம் வங்கிகளின் இருப்பாகவே தங்கிவிட்டது. கடனாக வெளியே போகவில்லை. 2020இலோ அரசே மக்களின் கணக்கில் நேரடியாகப் பணத்தைப் போட்டது. இரு முறையும் மத்திய வங்கிதான் பணத்தை உருவாக்கியது. எவர் கையை அடைந்தது என்பதில்தான் வேறுபாடு.

அமெரிக்கப் புள்ளிவிவரத்தில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. 2020 மே மாதத்திலிருந்து சேமிப்புக் கணக்குகளையும், ரொக்கமும் உடனே எடுக்கக்கூடிய வைப்பும் அடங்கிய எம்1-க்குள் சேர்த்துவிட்டார்கள். அதனால் ஏறத்தாழ 5 லட்சம் கோடி டாலராக இருந்த எம்1, அடுத்த மாதமே 16 லட்சம் கோடியாக வரைபடத்தில் துள்ளியது. அந்தச் செங்குத்துக் கோட்டைக் காட்டி உலகம் அழியப்போகிறது என்று சொல்லும் படங்கள் இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. நம் நாட்டிலும் 2023 ஜூலை 1 அன்று எச்.டி.எஃப்.சி. நிறுவனம் எச்.டி.எஃப்.சி. வங்கியோடு இணைந்தபோது, அதுவரை வங்கிக் கணக்கில் வராத வீட்டுக் கடன்கள் ஒரே நாளில் வங்கிக் கடனாகிவிட்டன. இணைப்பைச் சேர்த்தும் சேர்க்காமலும் இரு விதமான வளர்ச்சி விகிதங்களை ரிசர்வ் வங்கி தர நேர்ந்தது அதனால்தான்.

மாட்டுங்கா_கிழக்கு எழுதியது:

டோம்பிவிலி நண்பருக்கு. மியூச்சுவல் ஃபண்டு டெபாசிட்டைத் தின்றுவிடுகிறது என்பது தொலைக்காட்சியில் அடிக்கடி கேட்கிற வாதம். கணக்கு அதற்கு இடம் தரவில்லை. உங்கள் கணக்கிலிருந்து எஸ்.ஐ.பி.க்காகப் போகும் 10,000 ரூபாய் முதலில் ஃபண்டின் வங்கிக் கணக்குக்குப் போகிறது; ஃபண்டு பங்கு வாங்கும்போது அந்தப் பங்கை விற்றவரின் கணக்குக்குப் போகிறது. வங்கித் துறை முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் 10,000 ரூபாய் டெபாசிட் அப்படியே இருக்கிறது. உங்கள் சேமிப்புக் கணக்கில் மலிவு வட்டிக்குக் கிடந்த பணம், வேறொருவரின் நடப்புக் கணக்காகவோ பெருந்தொகை டெபாசிட்டாகவோ மாறிவிட்டது என்பதுதான் வங்கியின் தலைவலி. அது வங்கியின் செலவைக் கூட்டும், எம்3-ஐக் குறைக்காது.

ஒரு விதிவிலக்கு உண்டு, அது நம் பட்டறைக்கார நண்பரின் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையது. உங்கள் ஃபண்டு வாங்கிய பங்கை விற்றவர் வெளிநாட்டு முதலீட்டாளராக இருந்து, கிடைத்த ரூபாயை டாலராக மாற்றி எடுத்துச் செல்ல முனைகிறார் என்று கொள்வோம். அந்த டாலரை வேறொரு தனியாரே விற்றால் ரூபாய் கை மாறுவதோடு சரி. ரிசர்வ் வங்கி தன் கையிருப்பிலிருந்து விற்றால், அந்த ரூபாய் ரிசர்வ் வங்கிக்குள் போய் மறைந்துவிடும். எம்0-வும் குறையும், எம்3-யும் குறையும். 2024 அக்டோபரில் தொடங்கி நடந்தது இதுதான். வெளிநாட்டினர் பெருமளவில் பங்குகளை விற்றார்கள். ரூபாய் சட்டென்று சரியாமலிருக்க ரிசர்வ் வங்கி டாலரை விற்றது. 2025 ஜனவரி பிற்பகுதியில் வங்கித் துறையின் ரூபாய்ப் பற்றாக்குறை 3 லட்சம் கோடியைத் தாண்டியது. அதைச் சமாளிக்க அரசுப் பத்திரங்களை வாங்கினார்கள். 500 கோடி டாலருக்கும் அதன் பிறகு 1,000 கோடி டாலருக்கும், இப்போது டாலரை வாங்கி ரூபாய் கொடுத்துப் பின்னர் திருப்பி விற்கும் டாலர்–ரூபாய் மாற்று ஏலம் நடத்தினார்கள். பண அளிப்பும் ரூபாயின் விலையும் இரண்டு தனிப் பாடங்கள் என்று நினைத்துப் படிப்பவர்களுக்கு அந்த நான்கு மாதங்களை மட்டும் பாடமாக வைத்தால் போதும்.

ஜவேரி_பஜார்_வழி எழுதியது:

ரொக்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. நான் தங்க வணிகத்தில் இருப்பவன், யு.பி.ஐ. வந்துவிட்டது, இனி ரொக்கம் குறிகாட்டியே இல்லை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

தாராவி_தோல்பை எழுதியது:

நானும் அதைத்தான் கேட்க நினைத்தேன். எங்கள் தெருவில் தேநீர் முதல் நூல்கண்டு வரை எல்லாவற்றுக்கும் கியூ.ஆர். அட்டை தொங்குகிறது. ஆனால் சனிக்கிழமை மாலை கூலி கொடுப்பது ரொக்கமாகத்தான். தையல்காரர்களில் பலர் பீகாரிலிருந்து வந்தவர்கள். கையில் 500 ரூபாய் நோட்டாகக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி, எண்ணிப் பார்த்து, சட்டையின் உள்பையில் வைத்துக்கொள்கிறார்கள். மறுநாள் அதில் ஒரு பகுதியை எங்கள் சந்து முனையில் இருக்கும் பணம் அனுப்பும் கடையில் கட்டி ஊருக்கு அனுப்புகிறார்கள்.

சயான்_விரிவுரையாளர் எழுதியது:

மிகச் சரியான கவனிப்பு. யு.பி.ஐ. தொடங்கிய 2016க்குப் பிறகு எண்ணிலாப் பரிவர்த்தனைகள் கைப்பேசிக்கு மாறிய பின்னரும், புழக்கத்தில் உள்ள ரொக்கத்தின் மொத்த மதிப்பு ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. 2016 நவம்பர் 8க்கு முன்னர் ஏறத்தாழ 18 லட்சம் கோடி ரூபாயாக இருந்தது, 2024 மார்ச்சில் 35 லட்சம் கோடியை நெருங்கியது. ஆனால் மொத்தத் தொகையை அல்ல, உள்நாட்டு உற்பத்தியோடு அதன் விகிதத்தைத்தான் பார்க்க வேண்டும். பணமதிப்பிழப்புக்கு முன் 12 சதவீதத்தை ஒட்டியிருந்த அந்த விகிதம், 2016–17இல் 9 சதவீதத்துக்குக் கீழே இறங்கி, கொரோனா ஆண்டான 2020–21இல் 14 சதவீதத்தையும் தாண்டியது. அச்சத்தால் மக்கள் ரொக்கத்தைச் சேர்த்து வைத்தார்கள் என்பது ஒரு காரணம். வகுக்கும் எண்ணான உற்பத்தியே அந்த ஆண்டு சுருங்கியது மற்றொரு காரணம். அதன்பின் விகிதம் மெல்ல இறங்கி வந்திருக்கிறது. ஆகவே கைப்பேசிப் பணம் ரொக்கத்தை அழிக்கவில்லை, அதன் வளர்ச்சியைத்தான் தணித்திருக்கிறது என்பது என் மதிப்பீடு. கொடுக்கல் வாங்கலுக்கான ரொக்கம் குறைகிறது. சேமித்து வைக்கும் ரொக்கமும் கூலி ரொக்கமும் நிலைக்கின்றன. மொத்த மதிப்பில் 500 ரூபாய் நோட்டின் பங்கு 2024 மார்ச்சில் 86 சதவீதத்துக்கு மேல் இருந்தது என்பதை உங்கள் சனிக்கிழமைக் கூலியோடு சேர்த்துப் பாருங்கள்.

2016இன் கடைசி வாரங்கள் ரொக்கத்துக்கும் எம்3-க்கும் உள்ள வேறுபாட்டை வெட்டவெளிச்சமாக்கின. புழக்கத்தில் இருந்த ரொக்கம் இரண்டே மாதங்களில் பாதியாகச் சரிந்து, 2017 ஜனவரி முதல் வாரத்தில் 9 லட்சம் கோடியை ஒட்டி நின்றது. எம்3 அவ்வாறு பாதியாகவில்லை, ஏனெனில் செல்லாத நோட்டு வங்கியில் டெபாசிட்டாகிவிட்டது; செல்லாததாக அறிவிக்கப்பட்டவற்றில் 99 சதவீதத்துக்கு மேல் திரும்பி வந்துவிட்டது. எம்3-ஐ மட்டும் பார்த்துக்கொண்டு வெளிநாட்டில் உட்கார்ந்திருந்த ஓர் ஆய்வாளருக்கு அந்தக் குளிர்காலத்தில் இங்கே பெரிதாக எதுவும் நடக்கவில்லை என்றே தோன்றியிருக்கும்.

ஜவேரி_பஜார்_வழி எழுதியது:

2023 மே மாதம் 2,000 ரூபாய் நோட்டைத் திரும்பப் பெற்றபோதும் அதே கதைதானே? எங்கள் கடைத்தெருவில் அந்த வாரம் வந்த விசாரிப்புகளை இங்கே எழுதாமல் விடுகிறேன்.

மாட்டுங்கா_கிழக்கு எழுதியது:

அளவில் சிறியது. அப்போது புழக்கத்தில் இருந்த 2,000 ரூபாய் நோட்டுகளின் மதிப்பு 3.56 லட்சம் கோடிதான். அவை வங்கிக்குத் திரும்பியதால் பெருகிய உபரியை உறிஞ்ச, கூடுதலாகச் சேர்ந்த டெபாசிட்டின் மீது 10 சதவீதத்தைத் தற்காலிகமாக ஒதுக்கி வைக்கும்படி அந்த ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி கூறியது. அந்தச் சில மாதங்களுக்கான ரொக்க வளர்ச்சி விகிதத்தை நான் எந்த முடிவுக்கும் பயன்படுத்த மாட்டேன்.

டோம்பிவிலி_விரைவு எழுதியது:

ஃபண்டு விளக்கம் புரிந்தது, நன்றி ஐயா. ரூபாய்க்கு வருவோம். டாலருக்கு 83 என்ற விலையில் பல மாதங்கள் அசையாமல் நின்றது ரூபாய். அப்போது அதைப் பொருளாதாரத்தின் வலிமைக்கு அடையாளமாகச் சொன்னார்கள். பிறகு 2025இல் 87ஐத் தாண்டியபோது பலவீனம் என்றார்கள். எது உண்மை?

மாட்டுங்கா_கிழக்கு எழுதியது:

இரண்டுமே அல்ல. மத்திய வங்கி கையால் பிடித்து வைத்திருக்கும் விலை எந்தச் செய்தியையும் சொல்லாது. 2022 டிசம்பரிலிருந்து 2023 அக்டோபர் வரையிலான ரூபாயின் போக்கைப் பார்த்துவிட்டு, இது மிதக்கும் நாணயம் அல்ல, நிலைநிறுத்தப்பட்ட நாணயம் என்று சர்வதேச நாணய நிதியம் வகைப்படுத்தியது. ரிசர்வ் வங்கி அதை ஏற்கவில்லை. அத்தகைய காலத்தில் விலையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அந்த விலையைக் காக்க எவ்வளவு செலவானது என்று பார்க்க வேண்டும். அது அந்நியச் செலாவணிக் கையிருப்பில் தெரியும்.

கையிருப்பிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அது டாலரில் சொல்லப்படுகிறது; ஆனால் அதற்குள் யூரோவும் யென்னும் தங்கமும் அமெரிக்கப் பத்திரங்களும் இருக்கின்றன. 2021 செப்டம்பரில் 64,200 கோடி டாலராக இருந்தது 2022 அக்டோபரில் 52,500 கோடியை ஒட்டி இறங்கியபோது, ரூபாயைக் காக்கவே எல்லாவற்றையும் விற்றுவிட்டார்கள் என்று எழுதினார்கள். 2022–23 நிதியாண்டில் அதுவரை ஏற்பட்ட குறைவில் 67 சதவீதம் மதிப்பீட்டு மாற்றத்தால், அதாவது உள்ளிருக்கும் சொத்துகளின் டாலர் மதிப்பு இறங்கியதால் வந்தது என்று ரிசர்வ் வங்கி ஆளுநர் 2022 செப்டம்பர் இறுதியில் விளக்கினார். தங்கம் ஏறும் ஆண்டுகளில் இதற்கு மாறாக, ஒரு டாலரும் வாங்காமலேயே கையிருப்பு உயரும்.

உண்மையில் பிடித்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கடலுக்கு அப்பால் இலங்கையைப் பாருங்கள். டாலருக்கு 200 ரூபாய் என்று காத்துக்கொண்டே இருந்தார்கள். மறுபக்கம் மத்திய வங்கி, அரசின் குறுகிய காலக் கடன் பத்திரங்களான கருவூல உண்டியல்களை வாங்கிக்கொண்டே போனது. டாலர் விலை என்ற எண் கடைசி வாரம் வரை அமைதியாகவே இருந்தது. 2022 மார்ச்சில் கைவிட்டதும் சில வாரங்களில் 350ஐத் தாண்டியது. செப்டம்பரில் கொழும்புப் பணவீக்கம் 70 சதவீதத்தை எட்டியது. மூலங்கள் பக்கத்தில் அரசுக்கான கடன் ஏறியதும் வெளிநாட்டுச் சொத்து கரைந்ததும் அதற்கு ஓராண்டு முன்பிருந்தே தெளிவாகத் தெரிந்தன.

சயான்_விரிவுரையாளர் எழுதியது:

ரூபாய் மலிவா, விலை மிகுந்ததா என்று அறிய டாலர் விலையைவிட மெய்யான செலாவணி மாற்று விகிதக் குறியீட்டைப் பார்க்கலாம். நாம் வணிகம் செய்யும் 40 நாடுகளின் நாணயங்களை எடையிட்டு, விலைவாசி வேறுபாட்டையும் கழித்து, 2015–16ஐ 100ஆக வைத்து ரிசர்வ் வங்கி இதை மாதந்தோறும் கணக்கிடுகிறது. 2024 நவம்பரில் அது 108ஐ ஒட்டி உயர்ந்திருந்தது. டாலர் கணக்கில் ரூபாய் புதிய தாழ்வுகளைத் தொட்டுக்கொண்டிருந்த அதே மாதத்தில், மற்ற நாணயங்களோடு ஒப்பிட்டால் அது விலை மிகுந்ததாக இருந்தது! உங்கள் துபாய் வாடிக்கையாளர், திர்ஹாம் டாலரோடு பிணைக்கப்பட்டிருப்பதால், டாலர் கணக்கிலேயே பேசுவார். சீனத் தோல் பையோடு உங்கள் பை போட்டியிடும் இடத்தில் யுவானும் சேர்ந்துதான் தீர்மானிக்கும்.

இன்னொன்று. ரிசர்வ் வங்கி முன்பு மலிவாக வாங்கிய டாலரை இன்று கூடுதல் விலைக்கு விற்கும்போது இலாபம் கிடைக்கிறது. 2024–25ஆம் ஆண்டுக்காக அது அரசுக்கு அளித்த 2.69 லட்சம் கோடி ரூபாய் உபரியில் இதற்குக் கணிசமான பங்கு உண்டு. அரசு அதைச் செலவிடும்போது, டாலர் விற்பனையால் வற்றிய ரூபாயில் ஒரு பகுதி வேறு வழியாக வங்கிகளுக்குத் திரும்பி வருகிறது. எம்3-யின் மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு இந்தச் சுற்று தெரியவே தெரியாது.

தாராவி_தோல்பை எழுதியது:

மிக்க நன்றி. இவ்வளவையும் படித்த பிறகும் எனக்கு மூன்று மாதம் கழித்துக் கொடுக்க வேண்டிய டாலர் என்ன விலையில் இருக்கும் என்பதற்கு விடை இல்லை என்று புரிகிறது.

மாட்டுங்கா_கிழக்கு எழுதியது:

மூன்று மாதத்துக்குள் எந்த அட்டவணையும் அதைச் சொல்லாது. எம்3 ஆண்டுக் கணக்கில் பேசும். உங்கள் பாக்கி வாரக் கணக்கில் வருகிறது. ஆகவே பின்னர் வாங்கப்போகும் டாலருக்கு இன்றே விலையை உறுதி செய்யும் ஃபார்வர்டு ஒப்பந்தம் போட்டுவிடுங்கள். அதன் கூடுதல் விலை பெரும்பாலும் இரு நாட்டு வட்டி வேறுபாடுதான். அண்மைய ஆண்டுகளில் ஆண்டுக்கு 2 சதவீதத்தை ஒட்டியே இருந்திருக்கிறது, மூன்று மாதத்துக்கு அரை சதவீதம் வரும். துபாயிலிருந்து வரும் டாலரை உடனே ரூபாயாக்காமல், செலாவணி ஈட்டுவோர் கணக்கில் வைத்து, விதி அனுமதிக்கும் காலத்துக்குள் சீனப் பாக்கிக்குக் கொடுக்க முடியுமா என்றும் உங்கள் கிளையில் கேளுங்கள். வங்கி சொல்லும் விலையை அன்று பிற்பகல் வெளியாகும் ஒப்பீட்டு விலையோடு வைத்துப் பார்த்து, டாலருக்கு எத்தனை பைசா கூடுதலாக எடுக்கிறார்கள் என்று எழுதிவாங்குங்கள். சிறு இறக்குமதியாளர் பலர் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.

தாராவி_தோல்பை எழுதியது:

கிளையில் கேட்கிறேன் ஐயா. கடைசியாக ஒன்று: ரிசர்வ் வங்கி டாலர் விற்கிறதா வாங்குகிறதா என்பதை எங்கே பார்ப்பது?

சயான்_விரிவுரையாளர் எழுதியது:

மாதாந்தர அறிக்கையில் அமெரிக்க டாலர் கொள்முதலும் விற்பனையும் என்ற அட்டவணை இருக்கிறது. ஏறத்தாழ இரண்டு மாதம் பிந்தித்தான் வரும். அதில் உடனடி விற்பனையோடு நின்றுவிடாமல், கீழே தரப்படும் நிலுவை ஃபார்வர்டு நிலையையும் பாருங்கள். உடனடியாக விற்றால் கையிருப்பு குறைவதும் ரூபாய் வற்றுவதும் அந்த வாரமே தெரியும். ஃபார்வர்டாக விற்றால் தவணை முடியும் நாள்வரை இரண்டிலும் தெரியாது. 2025 பிப்ரவரி முடிவில் அந்த நிலுவை 8,000 கோடி டாலருக்கும் மேல் விற்பனைப் பக்கத்தில் நின்றது. அதே வாரங்களில் வெள்ளிக்கிழமைக் கையிருப்பு எண்ணை மட்டும் படித்தவர்கள், கையிருப்பு நிலைத்துவிட்டது என்று எழுதிக்கொண்டிருந்தார்கள்.